கலைமதி ஒலிநாடா மீட்ட படலம்

வாழ்க கலைமதி! ஒரகடத்திலிருந்து சேரப்பணஞ்சேரிக்குச் செல்லும் பெருவழியின் ஓரத்தே, ஓடு வேய்ந்து ஒழுகி நின்ற உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில், சன்னலோர மூன்றாம் பெஞ்சையே அரியணையாகக் கொண்டு வீற்றிருந்தவளும், ஐந்து பேச்சுப் போட்டிகளில் ஐந்து எவர்சில்வர் டம்ளர்களை வென்று வீட்டு அலமாரியில் கவிழ்த்து வைத்தவளும், எவர் நாவிலேனும் லகரமும் ளகரமும் இடம் மாறிய அக்கணமே புருவவில்லை வளைப்பவளும், இரட்டைச் சடையின் உச்சியில் நீல ரிப்பனை வெற்றிக்கொடியாய்ப் பறக்கவிட்டவளும் ஆகிய கலைமதி வாழ்க! அவள் கூர்தீட்டிய பென்சில் வாழ்க! அப்பென்சிலால் அவள் புரிந்த போரையும், அப்போரில் அவள் தோற்றுப் பெற்ற வெற்றியையும் பாடப் புகுந்த நமக்கு, மூச்சு முட்டாதிருக்க நல்ல காற்று வாய்க்குமாக!

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்றாம் ஆண்டு, ஐப்பசி மழை ஏரியை நிரப்பிவிட்டு விளையாட்டுத் திடலையும் நிரப்பத் தொடங்கியிருந்த நாளில், தமிழாசிரியை அமலா டீச்சர் தம் தேவாலயப் பாடகர் குழுவினரிடம் மன்றாடிப் பெற்ற டேப்ரெக்கார்டர் ஒன்றை, குழந்தையைத் தூக்கி வருவாரைப் போலத் துண்டில் சுற்றி வகுப்பறைக்குள் கொணர்ந்தார். கரிய மேனியும், வெள்ளிப் பற்கள் போன்ற ஆறு பொத்தான்களும், நாடாவை விழுங்கிக் குரலை உமிழும் மாயவாயும் உடையது அது. அதை ஆளுக்கு ஒருநாள் வீட்டுக்கு எடுத்துச் சென்று, பத்து நிமிடத்தில் ஒரு கதையை ஒலியாலேயே சொல்லி நாடாவில் பதிந்து வரவேண்டும். பின்னர் வகுப்பே கேட்டுக் கருத்துரைக்க வேண்டும். சிறந்த நாடா குழந்தைகள் தினத்தன்று கொடிமரத்து ஒலிபெருக்கியில் ஊர் முழுக்க முழங்கும். எண்மர் பெயர் கொடுத்தனர்.

“மொதல்ல, புடிச்சது இன்னான்னு சொல்லுங்க. அப்பறம், இன்னும் நல்லா வர்றதுக்கு இன்னா பண்ணலாம்னு சொல்லுங்க. யாரையும் அழ வெக்கிறதுக்கு இது இல்ல” என்று டீச்சர் அறப்போர் விதியை அறிவித்தார்.

அவ்விதியின் முற்பாதி கலைமதியின் செவியில் ஏறவில்லை. முதலிரு நாள்களில் ஒலித்த ஆறு நாடாக்களையும் அவள் ஆறு மரங்களென வேரோடு சாய்த்தாள். யாக்கோபு என்பான் காட்டுப்புலிக் கதை ஒன்றைத் தன் தொண்டையாலேயே உறுமி உறுமிப் பதிந்திருந்தான், “புலி ஏன் நடுவில் தும்முகிறது?” என்று அவள் ஒரே கேள்வி கேட்டாள். தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி எழுந்து போன யாக்கோபு அந்தப் பாடவேளை முடியும் வரை திரும்பவில்லை.

மூன்றாம் நாள் எஞ்சியவை இரண்டே நாடாக்கள். ஒன்று கலைமதியுடையது. மற்றொன்று பிரசன்னாவுடையது.

இந்தப் பிரசன்னா கடைசிப் பெஞ்சின் மூலையில் வாழ்பவன். எப்போட்டிக்கும் பெயர் கொடாதவன். வருகைப் பதிவின்போது எழும் ‘உள்ளேன் டீச்சர்’ ஒன்றைத் தவிர அவன் குரலை வகுப்பு கேட்டறியாது. அத்தகையோன் கதைசொல்லப் பெயர் கொடுத்ததே தமிழுக்கு இழைத்த தீங்கு என்று கொதித்த கலைமதி, அவன் நாடாவில் இருக்கக்கூடிய குற்றங்கள் பதினேழை, நாடாவைக் கேட்பதற்கு முன்னமே, கோடு போட்ட நோட்டில் வரிசை எண் இட்டு எழுதி வைத்திருந்தாள்.

முதலில் ஒலித்தது அவளுடைய காவியம். பகைவனை மணக்க மறுத்து வாளேந்தி வீழும் இளவரசி ஒருத்தியின் கதை அது. கலைமதியே இளவரசி, கலைமதியே பகைமன்னன், கலைமதியே படை, கலைமதியே இடி. ஒன்பது நிமிடம் வகுப்பு அசையாதிருந்தது. சிலர் வியப்பால், பலர் உறக்கத்தால். இறுதியில் நெஞ்சில் அம்பு பாய்ந்த இளவரசி, “அந்தோ! என் செங்குருதி சிந்தும் இவ்வேளையில், ஏ நிலமகளே, உன் மடியில் எனக்கொரு...” என்று விம்மினாள்.

அப்போது, கருவியின் வயிற்றிலிருந்து, ஏழுகடலும் எழுந்தாற்போல ஒரு குரல் எழுந்தது.

“அடியே கலைமதி! கதவ சாத்திக்கினு இன்னாடி உள்ள பொலம்பிக்கினு கீற? பால் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்திக்கினு கீது பாரு!”

“ஐயையோ! தோ வரேம்மா!” என்றாள், அம்பு பாய்ந்த இளவரசி.

முதற்குரல் கலைமதியின் தாயார் சந்திரம்மாளுடையது. அம்மா கூப்பிட்டதும் சற்றே நிறுத்தும் பொத்தானை அவள் அழுத்திவிட்டுத்தான் ஓடியிருந்தாள். அப்பொத்தானோ பாடகர் குழுவின் கையிலேயே என்றோ உயிர் நீத்துவிட்டிருந்தது. திரும்பி வந்து மிச்சத்தைப் பேசி முடித்ததும் கரண்ட் போயிற்று. மறுநாள் காலையே கருவியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. தன் காவியத்தைத் தானே ஒருமுறை கேளாமல் களத்துக்கு வந்தாள், அந்தோ, நம் தலைவி!

சிரிப்பு எழுந்தது. முதல் பெஞ்சில் தூறலாய் விழுந்து, இரண்டாம் பெஞ்சில் மழையாய் வலுத்து, மூன்றாம் பெஞ்சை அரியணையோடு அடித்துக்கொண்டு, மதகு உடைத்த ஏரியாய்க் கடைசிச் சுவர்வரை பாய்ந்து, அங்கு மோதித் திரும்பி மீண்டும் முதல் பெஞ்சுக்கே வந்தது. அமலா டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றார். அவர் தோள்கள் குலுங்கின. கலைமதியின் முகம் செம்பருத்தியாகி, செங்கல்லாகி, செங்கல் சூளையும் ஆயிற்று.

கருத்துரைக்கும் வேளை வந்தது. யாக்கோபு எழுந்தான். பழிதீர்க்கும் நாள் வந்ததென்று வகுப்பு மூச்சடக்கியது. அவனோ பழியை மறந்தவனாய், கண்ணில் மெய்யான பக்தி ததும்ப, “உங்கம்மா வாய்ஸ் சூப்பரா கீது” என்றான்.

அடுத்து எழுந்த செந்தாமரைக்கு ஒரே ஐயம். “பால் மீந்துச்சா, மொத்தமா பூடுச்சா?”

மூன்றாவதாக, எவரும் எதிர்பாராத கடைசிப் பெஞ்சிலிருந்து, பிரசன்னா எழுந்தான். டெஸ்க்கின் கீறலைப் பார்த்தபடியே பேசினான். “இளவரசி பேசறப்பல்லாம் நீ படிக்கிற மாரி கீது. ‘தோ வரேம்மா’ன்னியே, அது மட்டுந்தான் நீ பேசுனது. அது புடிச்சிது.”

சொல்லிவிட்டு உட்கார்ந்தான். வேலெறிந்தவன் வீரம் பேசுவான். இவன் எறிந்ததையே அறியாதவன் போல நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். ஆனால் அந்த வேல், ஐந்து டம்ளர்களையும் துளைத்துக்கொண்டு போய்த் தைத்த இடம் கலைமதிக்குத் தெரிந்தது. அவன் சொன்னது பொய்யாயிருந்தால் அவளுக்கு இத்தனை எரிந்திராது.

“இருக்கட்டும்” என்று பல்லைக் கடித்தாள். பென்சிலைச் சீவினாள். சீவிய சுருள்கள் பகைவர் தலைகளெனத் தரையில் உருண்டன. பதினேழு குற்றங்களின் பக்கம் விரிந்தது. பிரசன்னாவின் நாடா மாயவாய்க்குள் புகுந்தது.

வணக்கம் இல்லை, தலைப்பு இல்லை. குற்றம் ஒன்று, குற்றம் இரண்டு என்று அவள் டிக் அடித்தாள். பம்ப் ஸ்டவ் சீறிற்று. தட்டு வைக்கும் ஓசை. “ரெண்டு வாய் துன்னுட்டுப் போடி” என்றது ஒரு தாயின் குரல். “நேரமாயிட்ச்சும்மா!” என்றாள் ஓர் இளம்பெண். சீப்பு விழுந்தது. கதவு கிரீச்சிட்டது. பிறகு செருப்புகள் ஓடத் தொடங்கின. அவற்றின் பின்னே இன்னொரு சோடி கால்கள். அது பிரசன்னாவின் அக்கா மரகதம். அதிகாலைப் பஸ்ஸில் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துக் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போகிறவள். கருவியை நெஞ்சோடு கட்டிக்கொண்டு தம்பி பின்னால் ஓடியிருக்கிறான்.

“டேய், இன்னிக்கி லேட்டானா மூணாவது தபாடா! சூப்ரவைசர் கேட்டோடயே அனுப்பிடுவான்!”

மூன்றாம் குற்றத்தருகே சென்ற பென்சில் நடுவானில் நின்றது. தூரத்தில் பஸ் ஹாரன். செருப்பொலி விரைந்தது. சேறு சளக்கிட்டது. மூச்சு இரைத்தது, கேட்டிருந்த நாற்பது பேருக்கும் இரைத்தது. செந்தாமரை தன் கால்களை டெஸ்க்கின் அடியில் மெல்ல நகர்த்தினாள். பஸ்ஸின் என்ஜின் உறுமிக் கிளம்பும் ஓசை கேட்டது. “ஓல்டான்! அண்ணே, ஓல்டான்!” என்று பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கூவினாள் மரகதம். பட்டென்று ஏதோ அறுந்தது. “ஐயோ, செருப்பு! வுடு, நீ ஓடியா...”

அக்கணமே மரகதத்தின் குரல் இழுபட்டு, கனத்து, அரக்கியின் குரலாகி, பாதாளத்தில் இறங்கி, நின்றது. கருவி நாடாவை விழுங்கிவிட்டது.

ஓடிவந்து மூடியைத் திறந்த யாக்கோபு, ஆர்வ மிகுதியால் இழுத்தான். பழுப்பு நாடா குடல் சரிந்தாற்போல முழம் முழமாய் வெளியே வந்து டீச்சரின் மேசையில் சுருண்டது. வகுப்பெங்கும் ‘ச்சே’ என்னும் ஓலம். பிரசன்னா எழுந்து நின்றான். எழுந்தவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. கைகள் மட்டும் எதையோ பிடிப்பவைபோல விரிந்து நின்றன.

அமலா டீச்சர் பெருமூச்செறிந்தார். “பரவால்ல பிரசன்னா. கேட்டவரைக்கும் வெச்சிப் பேசுவோம். கலைமதி, நீ சொல்லு.”

வெற்றித் திருமகள் மாலையோடு வாசலில் நின்றாள்! முடிவற்ற கதையை முடிவற்றதென்றே அடித்து வீழ்த்தலாம். குற்றம் பதினெட்டு தானாக வந்து நோட்டில் குதித்தது. கொடிமரத்து ஒலிபெருக்கி அவள் பெயரைச் சொல்லக் கனைத்துக்கொண்டது. எழுந்தாள் நம் தலைவி. வாய் திறந்தாள். ஆனால் அவளுடைய நெஞ்சக் களத்தில், வஞ்சினம் நால்வகைப் படையோடு ஒருபுறம் நிற்க, மறுபுறம் ஒற்றைச் செருப்போடு ஒருத்தி சேற்றில் ஓடிக்கொண்டே இருந்தாள். பஸ் நின்றதா? நிற்கவில்லையா? கேட்டில் நிறுத்திவிட்டார்களா? இது தெரியாமல் ஒரு மனுஷி எப்படிச் சோறு தின்பது?

“யாரும் தொடாதீங்க!” என்று முழங்கினாள். பெஞ்சைத் தாண்டினாள். யாக்கோபைத் தோளால் விலக்கினாள்.

பின் நிகழ்ந்ததை எங்ஙனம் உரைப்போம்! சடையிலிருந்து உருவிய ஊசியால், உருளையில் சிக்கியிருந்த நாடாவை இழைகூட அறாமல் நெம்பி எடுத்தாள். “டேய், இந்தப் பக்கம் புடி. இழுக்காத. சும்மா புடி” என்றாள். பிரசன்னா கோயில் தீபத்தைப் பிடிப்பவனாய்ப் பிடித்தான். கசங்கிய இடங்களை நகத்தால் நீவினாள். புரண்ட இடங்களைப் புரட்டினாள். மின்விசிறிக் காற்றில் நாடா பாம்பெனப் படமெடுத்து ஆட, “ஃபேன நிறுத்து!” என்றாள், நாற்பது பேரும் வியர்த்தனர், எவரும் முணுமுணுக்கவில்லை. அதன்பின், சற்றுமுன் பகைவனைக் குத்தச் சீவிய அதே பென்சிலைக் கேசட்டின் பல்சக்கரத்தில் செருகி, மெல்ல, மிக மெல்லச் சுழற்றினாள். தேர்க்கால் திரும்புவதுபோல் சக்கரம் திரும்பியது. முழம் முழமாய்ச் சரிந்த குடல் முழம் முழமாய் உள்ளே சென்றது. கடைசிச் சாண் உள்ளே போனபோது கலைமதியின் மூக்கு நுனியில் நின்ற ஒற்றை வியர்வைத்துளி முத்தெனச் சொட்டியது.

பொத்தானை அழுத்தினாள். முதலில் தண்ணீருக்கடியில் யாரோ பேசுவதுபோல் ஒரு குழறல். பிறகு தெளிந்தது. வெறுங்கால் சேற்றை அறையும் ஓசை. பிரேக் கிறீச்சிடும் ஓசை. ஓட்டுநரின் குரல்: “ஏறும்மா, ஏறு! செருப்ப அப்பறம் தெச்சிக்கலாம்!” பஸ்ஸுக்குள் பெண்கள் சேர்ந்து ‘ஓ’வென்று கூவினார்கள். கதவு அறைந்தது. என்ஜின் தேய்ந்து தேய்ந்து மறைந்தது. தெருவில் ஒரு பையனின் இரைக்கும் மூச்சு மட்டும் மிஞ்சியது, ஒரு காகம் இருமுறை கரைந்தது, டக்கென்று நின்றது.

யாக்கோபு தன்னையறியாமல் கைதட்டத் தொடங்கி, தான் மட்டுமே தட்டுவதைக் கண்டு நிறுத்தினான். அதற்குள் மற்றவர்கள் தொடங்கிவிட்டார்கள்.

“இப்ப சொல்லு கலைமதி” என்றார் டீச்சர்.

நின்ற இடத்திலேயே தன் பெஞ்சைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே நோட்டில் பதினேழு வாள்களும் உறையிலேயே கிடந்தன.

“ஓடறது யாருன்னு பேரே சொல்லல டீச்சர். ஒரு எடத்துலயாச்சும் தம்பி அக்கான்னு கூப்புட்டிருக்கலாம். அது ஒரு கொறை.” பென்சிலைச் சடையில் செருகிக்கொண்டாள். “மத்தபடி... பஸ்ஸு போயிடப் போவுதுன்னு எனக்கு வவுத்த கலக்கிட்ச்சு. நல்லா கீது.”

வகுப்பு திகைத்தது. லகரத்துக்கும் ளகரத்துக்கும் காவல் நின்ற கலைமதியின் வாயில் ‘கீது’ என்னும் சொல் பள்ளிக்கூடத்தில் ஒலித்தது அதுவே முதல்முறை. அவளே திகைத்தாள்; திகைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். பிரசன்னா, முதன்முறையாக டெஸ்க்கை விட்டுக் கண்ணை உயர்த்தி, “ஆமா, கூப்புட்டிருக்கலாம்” என்றான். ஒலிபெருக்கிக்கு எந்த நாடா என்று டீச்சர் கேட்க, பிரசன்னாவுக்கென உயர்ந்த கைகளுள் முதலில் எழுந்த கை மூன்றாம் பெஞ்சுக்குரியதே என்று கண்டோர் கூறுவர். அவ்வேளை எண்திசையும் அதிர முரசம் முழங்கிற்றோ, விண்ணவர் விமானங்களில் நெரிசலிட்டு மலர்மாரி பொழிந்தனரோ, தோற்றவளின் தோள்களை வெற்றித் திருமகள் இரு கைகளாலும் இறுகத் தழுவிக்கொண்டு இனி உன்னைப் பிரியேன் என்று சூளுரைத்தாளோ, அறியோம்.

அன்றைக்குச் சத்துணவில் முட்டை போட்டார்கள்.