முன்னுரையார் ஸ்பானிஷ் படிக்கிறார்

பல்கலைக்கழகத்தில் ஸ்பானிஷ் மொழியும் இலக்கியமும் படிப்பவர்களில் முன்னுரையார் என்று ஓர் இனம் உண்டு. நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். பேருந்து நிறுத்தத்தில் ஒரு தடித்த நாவலை, அட்டை நமக்குத் தெரியும்படி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பேருந்து வந்தாலும் வராவிட்டாலும் ஒரே மாதிரி பெருமூச்சு விட்டபடி நிற்பாரே, அவர்தான்.

நாவல் ஐந்நூறு பக்கம். அதற்கு முன்னால் யாரோ ஒரு பேராசிரியர் எழுதிய முன்னுரை அறுபது பக்கம். நம்மவர் அந்த அறுபதைக் கரைத்துக் குடித்துவிடுவார். நாவலாசிரியர் எந்த ஆண்டு பிறந்தார், யார் யாரோடு சண்டை போட்டார், முதல் பதிப்பு எத்தனை அச்சுப்பிழைகளோடு வெளிவந்தது, மூன்றாம் அத்தியாயத்துப் புயல் உண்மையில் புயலே அல்ல, ஓர் ஆட்சியின் வீழ்ச்சி என்று சொன்ன விமர்சகர் யார், அவரை மறுத்தவர் யார், எல்லாம் விரல் நுனியில். அறுபதாம் பக்கத்தில் அடையாளத்துக்கு ஒரு பேருந்துச் சீட்டைச் செருகுவார். அந்தச் சீட்டு அங்கேயே குடியிருக்கும். புயலில் கப்பல் மூழ்கியதா, கரை சேர்ந்ததா? அதை மட்டும் கேட்காதீர்கள். பாவம், அவருக்கே தெரியாது.

இதை வைத்தே மூன்று வருடம் கட்டுரை எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கிவிட்டார். திருத்துகிறவர்களும் அதே முன்னுரையோடு நிறுத்திக்கொண்டவர்கள் என்று ஒரு வதந்தி உண்டு. நான் நம்பவில்லை. அடித்து மறுக்கவும் இல்லை.

"ஸ்பானிஷ் படிச்சு என்னப்பா பண்ணப் போறே?" என்பார் மாமா.

"அதைத் தமிழ்ல சொல்ல முடியாது மாமா."

ஸ்பானிஷில் சொன்னால் மாமாவுக்குப் புரியாது. ஆகவே விவாதம் அத்தோடு முடிந்துவிடும். ஒருமுறை வீட்டில் எல்லாரும் ஒரு ஸ்பானிஷ் படம் பார்த்தார்கள். கீழே ஓடிய மொழிபெயர்ப்பு படுமோசம் என்று வரிக்கு வரி இவர் குறை சொல்லவே, அப்பா அந்த எழுத்தை அணைத்துவிட்டார். முன்னுரையார் தண்ணீர் குடிக்கப் போனவர், படம் முடிந்த பிறகுதான் வந்தார்.

அவரை முழுசாக நம்பிய ஒரே ஜீவன் தங்கை. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. நிரந்தரம் செய்வதா வேண்டாமா என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் கன்னம் வீங்கிய வெளிநாட்டு அம்மாள் ஒருவர் வந்தார். ஸ்பானிஷ் தவிர வேறு மொழி தெரியாது. டாக்டரின் கைப்பேசி மொழிபெயர்ப்போ, வீங்கிய வாயின் பேச்சைக் கேட்டு மூன்று தடவை மன்னிப்புக் கேட்டது.

"டாக்டர், எங்க அண்ணன் ஸ்பானிஷ்லதான் டிகிரி பண்றாரு. பத்து நிமிஷத்துல வரச் சொல்றேன்!" என்று துள்ளி எழுந்தாள் தங்கை.

வந்தார், நாவலோடு. அம்மாளின் எதிரே அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். தமிழில் ஏறக்குறைய இப்படி வரும்: "மாண்புமிகு பெருமாட்டியே, தங்கள் துயரத்தின் ஊற்றுக்கண் யாதோ?"

அம்மாள் ஒரு கணம் விழித்தார். பிறகு வாயைத் திறந்து கடைவாய்ப் பல்லைக் காட்டி, மடமடவென்று பேசினார்.

"என்ன சொல்றாங்க தம்பி?" என்றார் டாக்டர்.

"ஒரு மாதிரி வெறுமையைப் பத்திச் சொல்றாங்க டாக்டர்."

"வெறுமையா? பல்லெல்லாம் இருக்கே!"

ஏக்கத்துக்கு நம்மவரிடம் பதினான்கு சொல் இருந்தது. ஈறுக்கு ஒன்றுகூட இல்லை. முன்னுரையில் ஈறு வரவே இல்லையே, அவர் என்ன செய்வார்?

டாக்டர் பல்லைப் பரிசோதித்துவிட்டு ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். அதைப் பார்த்ததும் அம்மாள் இன்னும் வேகமாகப் பேச ஆரம்பித்தார். முன்னுரையார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"இந்த ஓசை நயம் இருக்கே டாக்டர், இதைத் தமிழ்ல..."

"அது இருக்கட்டும் தம்பி. மாத்திரை குடுக்கலாமா, வேணாமா?"

தெரியாது என்று சொல்ல வேண்டிய இடம். மூன்று வருடத்தில் அவர் சொல்லாத ஒரே சொல் அது.

"குடுக்கலாம்னுதான்... நினைக்கிறேன்."

தங்கை அம்மாளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மாத்திரையைச் சுட்டியது. இன்னொரு கையைப் பரபரவென்று சொறிந்தது. பிறகு தொண்டையை இறுக்கிப் பிடித்தது.

"டாக்டர், குடுக்காதீங்க! இது அவங்களுக்கு ஒத்துக்காது. உடம்பெல்லாம் தடிச்சு மூச்சு முட்டும்னு காட்டறாங்க, பாருங்க!"

அம்மாள் தங்கையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். டாக்டர் அட்டையைச் சட்டென்று உள்ளே வைத்துவிட்டு வேறு மருந்து எழுதினார். "நல்லவேளைம்மா, நீ இங்க இருந்தே. இனிமேலும் இங்கயே இரு" என்றார். தங்கைக்கு வேலை நிலைத்தது. ஆனால் அண்ணன் பக்கம் அவள் திரும்பவே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

அப்போதுதான் அம்மாளின் கண்ணில் நாவல் பட்டது. வீக்கத்தையும் மீறிச் சிரித்தபடி வாங்கிப் புரட்டினார். அறுபதாம் பக்கத்தில் சீட்டு. அதற்கப்புறம் பக்கங்களெல்லாம் மடங்காமல் புத்தம் புதிதாக இருந்தன. சீட்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். சீட்டை எடுத்து, ஒரு தாளைத் திருப்பி, முதல் அத்தியாயத்தில் வைத்து, நம்மவர் கன்னத்தில் லேசாகத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் முன்னுரையார் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மூன்று நிறுத்தம் போய்விட்டார். மாலையில் தங்கை வந்ததும் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"மூணாம் அத்தியாயம் முடிச்சுட்டேன். அது நெஜமாவே புயல்தான்."

"சரி அண்ணா. ஈறுக்கு என்ன சொல்லுவாங்க?"

"தெரியாது" என்றார் முன்னுரையார். தங்கை அன்றைக்கு முதல் தடவையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? உங்கள் அலமாரியில் எத்தனை சீட்டுகள் முன்னுரையிலேயே குடியிருக்கின்றன? அதுகூடப் போகட்டும். முதல் இரண்டு பத்தியைப் படித்துவிட்டு, முடிவு என்னவென்று பார்க்க நேரே இங்கே தாவி வந்தவர் நீங்கள் இல்லையே? இல்லையென்றால் சொல்லுங்கள் பார்ப்போம்: அந்த அம்மாள் மாத்திரையைச் சாப்பிட்டாரா, இல்லையா?