ஒரே அமுக்குச் சலாபம்

மனிதகுலத்துக்கு எதையாவது இலவசமாகத் தந்தவர்களுக்குக் கோபமே வராது. தூத்துக்குடி ஜெரால்டு அப்படிப்பட்ட மகான். ‘ரீபேக்’ என்ற சொல் காதில் விழாதவரை.

துறைமுகத்தருகே ஒரு கப்பல் ஏஜென்சியில் கன்டெய்னர் எண்களைத் தட்டச்சு செய்பவர், மிச்ச நேரமெல்லாம், முத்துக்குளிப்பைக் குறிக்கும் ‘சலாபம்’ என்ற பெயரில் சர்வர் மென்பொருளை எழுதினார். அதை நிறுவினால் ஊரே சேர்ந்து கணினிக் கடலில் முத்துக்குளித்து விளையாடலாம். மூலநிரல் திறந்தே கிடந்தது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம் என்று உரிமம் எழுதியவரும் அவரே. யாராவது உண்மையிலேயே எடுத்துவிடுவார்கள் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

எடுத்துவிட்டார்கள். எல்லாவற்றையும் ‘ரீபேக்’ செய்து, அதாவது மறுபடி பொட்டலமாகக் கட்டி, ஒரு பொத்தானை அமுக்கினால் ஓடும்படி ‘ஒரே அமுக்குச் சலாபம்’ வெளிவந்தது. அசலை ஓடவைத்தவர்கள் உலகில் பதினொரு பேர். அதில் நான்கு பேர் ஜெரால்டு. பொட்டலத்தை ஓடவைத்தவர்கள் நாலாயிரம். பிழை வந்தால் மட்டும் நாலாயிரம் பேரும் அசல்காரரிடமே வந்தார்கள்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வந்ததும் போன். ஏரலில் ஊர்க்காரர் நாற்பது பேருக்காகச் சர்வர் நடத்தும் சங்கரபாண்டியன்.

“அண்ணாச்சி, உங்க சலாபத்துல சுறா கரையேறி நடக்கு.”

“சலாபத்துல சுறாவே கிடையாதுலே. நீ வச்சிருக்கது ரீபேக்கு. ஒண்ணரை வருசப் பழசு. உள்ள என்னத்தையெல்லாம் மாத்தியிருக்குன்னு எனக்கே தெரியாது. நான் எப்படி வைத்தியம் பாக்க?”

“சுறா போவட்டும். நேத்து எவனோ உள்ள பூந்து கடலையே அழிச்சிட்டான். ஆறு மாச முத்து! காலொடிஞ்சு கிடக்க எங்க அக்கா செண்பகம் அதுலதான் வெளிய போயிட்டு வந்தா. இப்ப சாப்பிடாமக் கிடக்கா.”

ஜெரால்டு பொட்டலத்தைப் பிரித்து ஆராய்ந்தார். எல்லாப் பிரதிக்கும் நிர்வாகியின் கடவுச்சொல் ஒன்றே: 1234. தம் வெறுப்பு இவ்வளவு நியாயமானது என்று தெரிந்ததும் மனம் நிறைந்தது. கட்டியவரின் முகவரியும் உள்ளேயே இருந்தது: மணப்பாட்டில் கணினி மையம் நடத்தும் எமில்டா. கண்டன உரையை வழிநெடுக ஒத்திகை பார்த்தபடி பைக்கில் போய் இறங்கினார்.

பெயரைச் சொன்னதும், “நீங்களா! வாங்கண்ணே” என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள் எமில்டா.

“நாலாயிரம் வீட்டுக்கு ஒரே சாவியா? மாத்த வேண்டாமா?”

“தப்பு எம்மேலதான். ஆளாளுக்கு வேற கடவுச்சொல் எப்படி வைக்கன்னு எனக்குத் தெரியலண்ணே. உங்க கையேட்டுல ‘தெரிந்தவர்களுக்குத் தெரியும்’னு இருக்கு. அதான் உங்களுக்கே மூணு மெயில் போட்டேன்.”

“எனக்கா?”

திரையைத் திருப்பினாள். மூன்று கேள்விக்கும் ஒரே பதில்: ‘அதிகாரபூர்வமற்ற பதிப்புகளுக்கு உதவி வழங்குவதில்லை. இது எங்கள் கொள்கை. இப்படிக்கு, வளர்ச்சிக் குழு.’

குழுவில் ஜெரால்டு ஒருவர்தான். பதிலின் நடை நன்றாகத்தான் இருந்தது.

கண்டன உரையைக் கைவிட்டார். விசைப்பலகையை இழுத்து, ஆளுக்கொரு கடவுச்சொல் வைக்கும் வழியைத் தட்டினார். மொத்தம் இரண்டு வரி. எமில்டா அப்போதே புதுப் பொட்டலம் கட்டத் தொடங்கினாள்.

மறுபடி சங்கரபாண்டியன் அழைத்தான். “கடலை அழிச்சவன் யாருன்னு தெரிஞ்சுதா அண்ணாச்சி?”

“உள்ள பூந்தவன் யாருன்னு தெரியல. கதவைத் தொறந்து போட்டவன் ஆப்ட்டுக்கிட்டான்.”

“எவன் அவன்?”

ஜெரால்டு செருமினார். “‘கொள்கை’ உள்ள ஆளுலே. போனை அக்காட்ட குடு. அவன் மன்னிப்புக் கேக்கணுமாம்.”