மாமனார் வண்டியில் ஒரு கடகட

"இதோ... இதோ... கேட்டுதா?"

மாமனார் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, காதைச் சக்கரத்தின் பக்கம் சாய்த்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த மெக்கானிக்குக்கும் கேட்கத்தான் செய்தது. கேட்கவில்லை என்று சொல்லிவிட ஆசையாக இருந்தது.

கடக்... கடக்... கடக்.

"லேசா ஏதோ கேக்குது மாமா."

"லேசாவா? எதிர்ல வர்றவன் பயந்து ஒதுங்கறான்!"

பழைய கியர் பாக்ஸ் ஊளையிட்டு ஊளையிட்டு ஒருநாள் உயிரை விட்டபோது, "புதுசு மாட்டித் தர்றேன் மாமா" என்று வலியப் போய் வாயைக் கொடுத்தவன் மெக்கானிக்தான். காரணம் இருந்தது. மாமனார் ஒரு பெரிய கம்பெனியில் நிர்வாகி. கம்பெனி கார்களையெல்லாம் பராமரிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். "முதல்ல என் வண்டியைச் சத்தமில்லாம ஓட வைங்க. அப்புறம் ஆபீஸ்ல வாயைத் திறக்கறேன்" என்று சொல்லியிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் யாரிடமும் 'என் மாப்பிள்ளை' என்று சொன்னதில்லை. 'நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக்' என்றுதான் அறிமுகப்படுத்துவார்.

மாட்டிக் கொடுத்த அன்று வண்டி மீன் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. குறை சொல்ல ஒன்றும் கிடைக்காமல் மாமனார் தவித்தார். அந்தத் தவிப்பு ரொம்ப நாள் நீடிக்கவில்லை.

மெக்கானிக் கியரை நியூட்ரலுக்குத் தள்ளி வண்டியை உருள விட்டான். வேகம் குறையக் குறையச் சத்தமும் நிதானமாக வந்தது.

"பாத்தீங்களா மாமா? கியர்ல இல்லாதப்பவும் வருது. வீல் பக்கம்தான் ஏதோ."

"ஓஹோ! கியர் பாக்ஸ் மாத்தறதுக்கு முன்னாடி இந்த வண்டிக்கு வீலே கிடையாதா?"

மெக்கானிக் வண்டியைத் தன் கடைப் பக்கம் திருப்பினான்.

கியர் பாக்ஸிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட் மேல் சந்தேகம் வந்தது. சக்கரத்தைக் கழற்றிக் கீழே போட்டு, ஷாஃப்டைப் புதிதாக மாற்றினான். சத்தம் போன இடம் தெரியவில்லை. கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவியிடம் வந்து காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான்.

"உங்கப்பா வாயை அடைச்சிட்டேன்."

"எங்கப்பா வாயையா?" என்றாள் அவள். சொல்லிவிட்டுச் சில்லறையை எண்ண ஆரம்பித்தாள்.

மறுநாள் போன் வந்தது.

"இப்ப தரதரதரன்னு அடிக்குது. அதுவும் வண்டி நிக்கும்போது! ஓடற வண்டி சத்தம் போட்டா ஒரு நியாயம் இருக்கு. நிக்கற வண்டிக்கு என்ன வந்தது?"

மெக்கானிக் யோசித்தான். கியர் பாக்ஸைத் தாங்குகிற மௌண்டிங் ரப்பர் தளர்ந்திருக்குமோ? இருப்பதிலேயே கெட்டியான ரப்பராகப் பார்த்துப் போட்டான். இந்தத் தடவை வண்டி முழுக்க நடுங்க ஆரம்பித்தது. அந்தத் தரதர மட்டும் போகாமல், நடுக்கத்தோடு சேர்ந்து தாளம் போட்டது.

"க-க-கண்ணாடி மூ-மூக்குல நி-நிக்க மாட்டேங்குது!" என்றார் மாமனார், இன்ஜின் ஓடுகிற வண்டிக்குள் உட்கார்ந்தபடி. இறங்கின பிறகும் அவர் கன்னம் கொஞ்ச நேரம் ஆடிக்கொண்டிருந்தது.

"சுத்தி வளைக்காதீங்க. தப்பு கியர் பாக்ஸ்ல இருக்கு. இறக்குங்க அதை."

"மாமா, அது நல்லாத்தான்..."

"இறக்குங்கன்னா!"

இறக்கினான். திறந்து பார்த்தான். உள்ளே ஒவ்வொரு பல்லும் பளபளவென்று சிரித்தது. அவனுக்குத்தான் அழுகை வந்தது. மறுபடி பூட்டும்போது மாமனார் பின்னாலேயே நின்று, "அது சரியா? இது சரியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்ததில் கை தடுமாறி, கியர் கேபிளைச் சரியாக அமைக்காமல் விட்டுவிட்டான். விளைவு, ரிவர்ஸ் கியர் விழவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது.

மாமனார் வீட்டு வாசலோ, பின்னால் எடுத்தால்தான் வெளியே போகக்கூடிய வாசல். மாமியார் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், நடுவில் மெக்கானிக் என்று மூன்று பேரும் மூச்சு வாங்கத் தள்ளினார்கள். மாமனார் மட்டும் உள்ளே சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, "எல்லாரும் ஒரே மாதிரி தள்ளுங்க! மெக்கானிக் பக்கம் இழுக்குது!" என்று மேற்பார்வை செய்தார்.

போதாக்குறைக்கு, தெருவில் நாலடி உருண்டதும் பழைய நண்பன் திரும்பி வந்துவிட்டான்.

கடக்... கடக்... கடக்.

மாமனார் வண்டியை நிறுத்தினார். அவர் கத்தவில்லை. சாவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் பெரிய ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போறேன். கம்ப்யூட்டர் வெச்சுப் பாக்கறாங்களாம். ஆபீஸ் வண்டிகளையும் அவங்களே பாத்துக்கட்டும்."

அன்றைக்கு மெக்கானிக்குக்குச் சோறு இறங்கவில்லை. கம்பெனி வேலை போனால் போகட்டும். 'இதை மாட்டினது யாருங்க?' என்று அந்த ஒர்க்ஷாப்காரன் கேட்பானே, அதற்கு மாமனார் ஒரு சிரிப்புச் சிரிப்பாரே, அதை நினைத்தால்தான் தாங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜாக்கியைத் தூக்கிக்கொண்டு மாமனார் வீட்டுக்கே போய்விட்டான். இத்தனை நாளும் பழி கியர் பாக்ஸ் மேல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில்தான் கை வைத்திருக்கிறோம், வண்டியை நிதானமாக ஒருதரம்கூடப் பார்க்கவில்லை என்பது அவனுக்கு உறைத்திருந்தது.

முதலில் கியர் கேபிளைச் சரி செய்தான். ரிவர்ஸ் சமர்த்தாக விழுந்தது. கெட்டி ரப்பரை எடுத்துவிட்டு, வண்டிக்கு உரிய ரப்பரைப் போட்டான். நடுக்கம் நின்றது. அப்புறம் வண்டிக்கு அடியில் நுழைந்து மல்லாக்கப் படுத்தான். சைலன்ஸர் சூட்டைத் தடுக்கிற தகரம், போல்ட்டுகள் இல்லாமல் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தட்டினான்.

தரதரதர.

"அடப்பாவி! நீயா?"

போல்ட்டுகள் ஆட்டத்தில் கழன்று விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, வேறு போட்டு இறுக்கினான். அடுத்து முன் சக்கரம். வட்டமான சக்கர மூடியை நெம்பினான். மூடிக்குள்ளிருந்து பொலபொலவென்று கூழாங்கற்கள் கொட்டின.

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தான். ஷாஃப்ட் மாற்றிய அன்று மூடியைக் கழற்றியபோதே முதல் கற்கள் கொட்டிப் போயிருக்கும். அதை யார் பார்த்தார்கள்? எங்கேயோ ரோடு போடுகிற இடத்தில் மறுபடி தெறித்து நுழைந்திருக்கிறது, வேறென்ன! கற்களைப் பொறுக்கிச் சுவர் மேல் வைத்துவிட்டு மாமனாரைக் கூப்பிட்டான்.

தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். மாமனார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். உள்ளே இழுத்தார். மறுபடி நீட்டினார். ஒரு முனகல் இல்லை. வீட்டு வாசலுக்கு வண்டி வந்து நின்றதுகூட, தன் வீட்டு கேட்டைத் திறந்துகொண்டிருந்த எதிர் வீட்டுக்காரருக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"என்ன சார், சத்தமே இல்லாம வந்துட்டீங்க?"

மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"என் மாப்பிள்ளை சார். கையில வித்தை இருக்கு." பிறகு இவன் பக்கம் திரும்பி, "இன்னிக்கே ஆபீஸ்ல பேசிடறேன். குளிச்சிட்டு வந்துடறேன், இருங்க" என்று உள்ளே போனார்.

மெக்கானிக்குக்குக் கால் தரையில் பாவவில்லை.

மாமியார் டீயோடு வெளியே வந்தார். பொதுவாக மாப்பிள்ளை முன்னால் நாலு வார்த்தை பேசாதவர். டம்ளரை அவன் கையில் கொடுத்துவிட்டு, குளியலறையில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டினார். பிறகு சுவர் மேலிருந்த கூழாங்கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, முந்தானையில் துடைத்து, அவன் மறு கையில் வைத்தார்.

"இதை இருந்த இடத்துலயே போட்டுடுங்க மாப்பிள்ளை, பழைய கியர் பாக்ஸ் ஊளை இருந்தவரைக்கும் அவர் தெருமுனை திரும்பும்போதே டிவியை அணைச்சிட்டு எழுந்துடுவேன், இப்ப பூனை மாதிரி வந்து பின்னால நிக்கறாரு, ஆனா சத்தியமா அந்தத் தகரத்து போல்ட்டை நான் தொடலை, அது எனக்காக என் பொண்ணு காட்டின கைவரிசை."