கூஜாவுக்கு முன், கூஜாவுக்குப் பின்

திருட்டுப் பயம் பத்திரிகை படிப்பவர்களைத்தான் முதலில் பிடிக்கும். எங்கள் தெருவில் அந்தக் காலத்தில் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவன் நான் ஒருவன்தான். ஆகவே தெருவுக்கே சேர்த்து நான் பயந்தேன்.

திண்டுக்கல்லில் எந்தக் கட்டடம் எப்போது எழுந்தது, எந்தக் குளம் எப்போது வற்றியது என்று சந்தேகம் வந்தால் இன்றும் என்னைத்தான் கேட்பார்கள். நானும் ஆதாரத்தோடு சொல்வேன். இந்தச் சம்பவத்துக்கு ஆதாரம் தேட வேண்டியதில்லை; என் குடும்பமே சாட்சி. வீசை போய்க் கிலோ வந்து, கடைக்காரரும் வாங்குபவரும் தராசைப் பார்த்து விழித்துக்கொண்டிருந்த சமயம். எனக்கு வேலை கிடைத்திருந்தது. மீசையும் ஓரளவு கிடைத்திருந்தது.

ஒருநாள் எதிர்வீட்டுச் சண்முகத்தாய் அக்காவின் பித்தளைக் கூஜா காணாமல் போனது. அதே வாரம் தெருக்கோடியில் ஒரு கோழியும் காணவில்லை. (கோழி மறுநாளே நடந்து வந்துவிட்டது. அதை நான் பொருட்படுத்தவில்லை.) இரண்டும் ஒரே கும்பலின் கைவரிசை என்று முடிவு செய்தேன். அக்காவிடம் போய், "கூஜாவைக் கடைசியா யாரு பாத்தது?" என்று இன்ஸ்பெக்டர் குரலில் விசாரித்தேன்.

"நாந்தேன் பாத்தேன். காணாமப் போனதுக்கப்புறம் பாக்கல. போலே, போய்ச் சோலியப் பாரு."

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் இருந்தது. வெளியே போகிறவர்கள் வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அக்கா வீட்டு ஆணியில் நிரந்தரமாகவே தொங்கியது. (பூட்டுக்குப் பேர்போன ஊரில் பூட்டுக்கு இருந்த மரியாதை அவ்வளவுதான்.) இது ஆபத்து என்று கண்டுபிடித்தேன். பூட்டுப் பட்டறை வைத்திருந்த சவரிமுத்து அண்ணனிடம் சொல்லி ஒரு விசேஷப் பூட்டு வாங்கி வந்தேன். வேறு சாவியை நுழைத்தால் அதைக் கவ்விக்கொள்ளும். செய்தவரே வந்து கை வைத்தால்தான் விடும்.

"ஏலே ராசு, நம்ம வீட்ல கள்ளன் தூக்கிட்டுப் போக என்னலே இருக்கு?" என்றாள் அம்மா. "உன்னியத்தேன் தூக்கணும். அவனுக்கு என்ன தலையெழுத்தா?"

அம்மா, தங்கை செல்லம், நான். இவ்வளவுதான் எங்கள் வீடு. செல்லத்துக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தன. மூன்றாவதாக ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. இதுவும் தட்டினால் என்ன ஆகும் என்ற கவலையில் அம்மாவுக்குச் சோறே இறங்கவில்லை. அன்று காலை மூவரும் அம்மன் கோயிலுக்குப் புறப்பட்டோம். பின்கதவை உள்ளே தாழிட்டு, வாசலில் என் பூட்டைப் போட்டேன். சண்முகத்தாய் அக்காவிடம் மூச்சு விடவில்லை. துப்பறிபவனுக்கு எல்லோர் மேலும் சந்தேகம் இருக்க வேண்டும். பொருளைப் பறிகொடுத்தவர் மேலும்.

கும்பிட்டு முடித்து நான் சைக்கிளில் முன்னால் வந்தேன். ஒரு பெரிய மீசைக்காரர் எங்கள் பூட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார். நான் எதற்காகப் பிறந்தேனோ அந்தக் கணம் வந்தேவிட்டது. சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, "திருடன்! திருடன்!" என்று கத்தியபடி அவர் இடுப்பைக் கட்டிப் பிடித்தேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஏனுங்க, இது யாருங்க?" என்று பக்கத்தில் கேட்டார்.

"பொண்ணோட அண்ணன்தேன்," என்றார் சண்முகத்தாய் அக்கா.

முந்தின பஸ் கிடைத்ததால் மாப்பிள்ளையும் இந்த மீசைக்காரத் தகப்பனாரும் சீக்கிரமே வந்துவிட்டார்கள். விருந்தாளிகள் தெருவில் நிற்கக் கூடாதே என்று அக்கா, ஆணியில் தொங்கிய பழைய சாவியைக் கொண்டுவந்து நுழைத்திருக்கிறார். பூட்டு கவ்விக்கொண்டது. என் கையிலிருந்த சரியான சாவிக்கு நுழைய இடமில்லை. சவரிமுத்து அண்ணனோ வத்தலக்குண்டில் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். கடப்பாறையால் அடித்துப் பார்த்தோம். கதவு நடுங்கியது, பூட்டு அசையவில்லை. (தரத்தில் குறை சொல்ல முடியாது.)

அம்மாவும் தங்கையும் வந்து சேர்ந்தார்கள். பட்டுச்சேலை உள்ளே, கேசரி உள்ளே, மாப்பிள்ளை வெளியே. ராகுகாலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

"பொண்ணப் பாக்க வந்தமுங்க. பூட்டப் பாத்துட்டு நிக்கிறமுங்க," என்றார் மீசைக்காரர்.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றித் தகப்பனாரிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டி, சுவரில் ஏறி, கூரையில் ஓடுகளை எடுத்து அழகாக அடுக்கி வைத்துவிட்டு உள்ளே இறங்கினார். கொஞ்ச நேரத்தில் பின்கதவு திறந்தது. முகமெல்லாம் கரியும் ஒட்டடையுமாக நின்றவரைப் பார்த்துத் தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெண் பார்ப்பது அத்துடன் முடிந்துவிட்டது என்பது என் கருத்து.

தகப்பனார் தண்ணீர் கேட்டார். மாப்பிள்ளை அடுக்களையில் கைக்கு அகப்பட்ட பாத்திரத்தில் மொண்டு வந்து கொடுத்தார். பெரியவர் குடித்துவிட்டு, அதில் வெட்டியிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சண்முகத்தாய்... உங்க பேருங்களா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"அது எங் கூஜால்ல!" என்றார் அக்கா.

"ஆத்தி! பழனிக்குப் போகையில உங்க வீட்டு அண்ணன்கிட்டக் கேட்டு வாங்குனது," என்றாள் அம்மா. "நீ காணோம்னது வேற கூஜான்னுல்ல நெனச்சேன். எனக்கு எழுத்தா தெரியும்?"

பக்கத்தில் நின்ற அக்காவின் கணவர் தலையை நிமிர்த்தி மலைக்கோட்டையைப் பார்க்க ஆரம்பித்தார்.

தெருவின் ஒரே திருட்டுப் பொருள் துப்பறிபவன் வீட்டிலேயே அகப்பட்டது, அதுவும் சம்பந்தியாக வேண்டியவர் கையில். இந்த இடமும் போயிற்று என்று அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். பெரியவர் கூஜாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, பிரித்த கூரையைப் பார்த்தார்.

"உங்க ஊட்டுல கூஜா எடுத்திருக்கறீங்க. எங்க பையன் ஓட்டப் பிரிச்சிருக்கறான். பொருத்தம் சரியாத்தானுங்க இருக்குது. பேசி முடிச்சரலாமுங்க."

கல்யாணத்துக்குச் சண்முகத்தாய் அக்கா அந்தக் கூஜாவையே கொடுத்தார், தன் பெயருக்குக் கீழே தங்கையின் பெயரையும் வெட்டச் சொல்லி. எங்கள் வீட்டுக்குள் அதற்குப் பின்னும் திருடன் யாரும் நுழைந்ததில்லை. மாப்பிள்ளை மட்டும் ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று, "மச்சான், கதவு வழியா வரட்டுங்களா, ஓட்டு வழியா வரட்டுங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் வருகிறார்.

ஊரே என்னிடம் தேதி கேட்கிறது. என் வீட்டில் மட்டும் கேட்பதில்லை. யார் எப்போது பிறந்தார்கள், எந்த மழையில் எந்தச் சுவர் விழுந்தது என்று பேச்சு வந்தால், 'கூஜாவுக்கு முன்னால', 'கூஜாவுக்குப் பின்னால' என்று முடித்துவிடுகிறார்கள். முதலில் திருத்திப் பார்த்தேன். இப்போது விட்டுவிட்டேன். கணக்கு சரியாகத்தான் வருகிறது.