கரண்ட் போகும்வரை சாம்பியன்

உலகத்தில் சதுரங்கம் ஆடுகிறவர்களில், முதல் பத்து நகர்த்தல்களுக்குள் ஒருமுறைகூடத் தோற்காத ஒரே மனிதர் எங்கள் உதியன்குளங்கரை வெல்டிங் அண்ணன்தான். பதினொன்றாவதைப் பற்றி நாங்கள் மரியாதை கருதிப் பேசுவதில்லை.

தொண்ணூறுகளின் கடைசியில் அந்த ஜங்ஷனில் நான் ஒரு கம்ப்யூட்டர் சென்டர் நடத்தினேன். அதில் செஸ் சொல்லித்தரும் சிடி ஒன்றைப் போட்டு வைத்திருந்தேன். ஆட்டத்தை எப்படித் தொடங்குவது என்று ஒவ்வொரு நகர்த்தலாகக் காட்டிவிட்டு, பிறகு நம்மோடு எதிர்த்தும் ஆடும். தப்பாக நகர்த்தினால் 'டொய்ங்' என்று கத்தும். வெல்டிங் பட்டறையிலிருந்து கறுப்புக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியபடியே அண்ணன் தினமும் சாயங்காலம் வந்து உட்காருவார். சிசிலியன், பிரெஞ்சு என்று தொடக்க முறைகள் எல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் ஆட்டம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத் தினசரி பவர்கட் வந்துவிடும். எங்கள் யூபிஎஸ்ஸோ அதற்கும் முந்திக்கொண்டு உயிரை விடும்.

"கரண்டு போச்சுல்லா, அப்பம் சமநிலையாக்கும்!" என்று எழுந்துவிடுவார். "கம்ப்யூட்டராலயும் என்னைத் தோக்கடிக்க முடியல்ல, கேட்டியா மக்கா!"

ஆக, நடு ஆட்டம் என்று ஒன்று இருப்பதையே அவர் கண்ணால் கண்டதில்லை. தொழிலிலும் ஆரம்பசூரர்தான். கேட்டில் பூவேலை கண்ணைப் பறிக்கும். தாழ்ப்பாள் மட்டும் மாசக்கணக்கில் வராது. அமரவிளைக்காரர் ஒருவர் புது கேட்டைக் கயிற்றால் கட்டி வைத்துக்கொண்டு, வாரந்தோறும் வந்து சத்தம் போட்டார். கேட்டுக் கேட்டு அண்ணனின் மனைவி லில்லி அக்காவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஓணத்துக்கு வாசகசாலைப் போட்டியில ஒரு ஆட்டமெங்கிலும் தோக்காம வாரும். இல்லெங்கி அந்தக் கம்ப்யூட்டருக்க பக்கம் தலைவச்சுப் படுக்கப்பிடாது. சத்தியம் செய்யும்!"

அண்ணனும் செய்துவிட்டார்.

ஓணப் போட்டியில் எதிராளி பனச்சமூட்டு டியூஷன் சார். அண்ணன் தொடக்கத்தைப் படபடவென்று ஆடியதில் சாருக்கு வியர்த்துவிட்டது. அப்புறம் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு டியூப்லைட்டை அண்ணாந்து பார்க்க ஆரம்பித்தார். ஓணம் என்று அன்றைக்குப் பவர்கட்டை ரத்து செய்திருந்தார்கள். பாவம், அவருக்கு அது தெரியாது. மனுஷன் மனசுக்குள் ஏதோ பயங்கரக் கணக்குப் போடுகிறார் என்று சார் நடுங்கிப்போனார்.

"சமநிலை மதியோ சேட்டா?" என்று, அது போதுமா என மலையாளத்தில் கெஞ்சினார்.

தலையாட்டியிருந்தால் போதும், சத்தியம் தப்பியிருக்கும். பின்வரிசையில் லில்லி அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

"அதெப்பிடி சாரே? கரண்டு போவல்லியே!" என்றார் அண்ணன். சொன்ன வேகத்தில் ராணியை எடுத்து, சாரின் குதிரை வாயில் கொண்டுபோய் வைத்தார்.

கூடம் முழுக்கச் சிரிப்பு. லில்லி அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அதன்பிறகு ஒரு வாரம் ஆளைக் காணோம். ஒரு சாயங்காலம் அக்காவே அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்.

"தம்பி, வீட்டில இருந்து பல்பையே பாத்துக்கிட்டு இருக்காரு. எனக்குக் காண முடியல்ல. சத்தியத்த நான் கர்த்தர்கிட்ட சொல்லித் தீத்துக்கிடுதேன். நீ இவருக்கு நடு ஆட்டத்தில இருந்து படிச்சுக்குடு."

அண்ணன் தலையைக் குனிந்தபடி தன் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். அது காலியாகக் கிடந்தது தற்செயல் என்று நினைத்திருப்பார். அந்த வாரம் முழுக்க எத்தனை பேர் கேட்டும் நான் யாரையும் அதில் உட்காரவிடவில்லை. அவர் இல்லாத சென்டர் எனக்கும்தான் பிடிக்கவில்லை.