என் மரணத்தின் பாடபேதங்கள்

அன்றைக்கு எனக்கிருந்தது ஒரே வேலை: ஓர் ஆங்கிலச் சொல்லுக்குப் பொருள் சொல்வது.

கேட்டவன் உப்புவெளியில் இருக்கும் தங்கச்சியின் மகன் ரமணன். மறுநாள் அவனுக்குப் பொன்னுருக்கு. தாலிக்குப் பொன் உருக்கும் நேரத்தில் எந்த மாப்பிள்ளை அகராதி தேடுவான்? இவன் தேடுவான். என் மருமகன் அல்லவா!

"மாமா, 'ஃபேட்டலி' எண்டா என்ன?" என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டுச் சலூனுக்குப் போய்விட்டான்.

"உயிர் போகும்படியாக" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நாட்டார் பாடல்களின் பாடபேதம் சேர்த்தே தலை நரைத்தவன் நான். எடுத்துக்காட்டு இல்லாமல் பொருள் சொல்வதில்லை. இடமும் தகவலாளர் பெயரும் இல்லாமல் எடுத்துக்காட்டுச் சொல்வதில்லை. பிறர் பெயரில் சாவு எழுதுவது அநாகரிகம் என்பதால் என்னையே போட்டேன்.

"இன்று காலை பெரியமாமா இறங்குதுறையில் வழுக்கி விழுந்து ஃபேட்டலியாகக் காயமடைந்தார். தகவல்: மீன்கார நசீர்."

பொருளை முதலிலேயே தெளிவாக விளக்கியிருந்தபடியால் எவருக்கும் ஐயம் எழவில்லை. நான் குளிக்கப் போனேன்.

வந்து பார்த்தால் வாசலில் நசீர்!

"சேர், நீங்க மௌத்தாகிட்டீங்களாம். நான்தான் சொன்னனாம்! சீனன்குடாவில இருந்து கேக்கிறாங்க, எண்ணெய் பவுசர் லொறி அடிச்சதா எண்டு."

"பவுசரா? நான் வழுக்கியல்லவா விழுந்தேன்!"

தங்கச்சிக்கு எடுத்தேன். என் குரல் கேட்டதும் அலறினாள்.

"அண்ணா! உயிரோடயா இருக்கிறியள்?"

"ஓம்."

"நாசமாப் போச்சு! சாவுத் துடக்கெண்டு ஐயர் வர ஏலாதெண்டிட்டார். பொன் உருக்க ஆசாரியும் மாட்டாராம். பொன்னுருக்கு நிண்டா கலியாணமே தள்ளிப் போயிடும்!"

"திரியாய் ஊர்ச் சொந்தக்காரர் என்ன சொல்லினம்?"

"யானை அடிச்சதாம்."

"எந்த இடத்தில?"

"அண்ணா! இஞ்ச கலியாணம் நிக்குது, நீங்கள் பாடபேதம் சேர்க்கிறியளோ?"

ஓட்டோ பிடித்து ஐயர் வீட்டுக்கு ஓடினேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"குழுவில மறுப்புப் போட்டனீங்களே?"

"போட்டனான். ஆரோ என்ர போனில இருந்து எழுதுறதாச் சொல்லினம்."

"அப்ப நாளைக்கு எல்லாருக்கும் முன்னால வந்து இருங்கோ. சனம் பாக்கட்டும். ஆசாரிக்கு நான் சொல்லுறன்."

இருந்தேன். பொன் உருகியது. சபை பொன்னைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தது. செத்தவீட்டு முகத்தோடு வந்த திரியாய் அத்தான் என் கையைக் கிள்ளிப் பார்த்துவிட்டுத்தான் பலகாரத்தைத் தொட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வடிவங்களை ஒப்பிட்டேன்: வழுக்கல், பவுசர், யானை. ஒன்றில்கூட நான் பிழைக்கவில்லை.

ஆக, சொல்லின் பொருளைச் சரியாகத்தான் விளக்கியிருக்கிறேன்.