செல்ஃப் எடுக்கும், ஸ்டார்ட் ஆகாது

பெண் கேட்டுப் போன வீட்டில் எது தெரியுமா என்று கேட்டாலும் தெரியும் என்றுதான் வாய் சொல்லும். ஆடு உரிக்கத் தெரியுமா என்று ஞானமுத்து வாத்தியார் கேட்டிருந்தாலும் அன்றைக்குத் தலையாட்டியிருப்பேன். அவர் டிராக்டர் தெரியுமா என்று கேட்டார். பதினான்கு வருடம் ஆகிவிட்டது, போன மானம் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

அப்போது வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் எனக்குக் கேட்டில் வேலை. லோடு ஏற்ற வரும் வண்டி எதுவானாலும் இன்ஜின் சரியாக அணைந்திருக்கிறதா என்று பார்த்து, சாவியை வாங்கி வைக்க வேண்டும். ஒரு பொறி போதுமே, அந்தப் பயம். (சூப்பர்வைசர் என்று பெண் வீட்டில் சொல்லியிருந்தோம். கேட்டை சூப்பர்வைஸ் செய்தேன், பொய்யில்லை.)

வாத்தியாரின் மகள் ஜெயராணி நர்சிங் முடித்துவிட்டு சாத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள். பெண் பார்த்துவிட்டு வந்து மூன்று வாரமாகியும் அங்கிருந்து பதில் இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்றவர்கள் யோசித்துக்கொண்டே இருந்தார்கள். காப்பித் தம்ளரை நீட்டும்போது அவள் சிரித்தாளா, இல்லை முகமே அப்படித்தானா என்ற ஒரே சந்தேகத்தில் நான் ஐந்து கிலோ இளைத்தேன்.

புரட்டாசியில் மழை கொட்டியது. மழை வந்தால் பட்டாசுக்கு லீவு, கரிசல் காட்டுக்கு அவசரம். ஈரம் காய்வதற்குள் உழுது உளுந்து போட்டாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வாத்தியாரின் பழைய டிராக்டர் படுத்துவிட்டது, மெக்கானிக் வர நாலு நாள் ஆகும் என்று காதில் விழுந்தது. பைக்கை எடுத்தேன். ஏதோ வேலையாக அந்தப் பக்கம் வந்தவன்போல் அவர் வீட்டு முன்னால் நிறுத்தினேன். (அந்தப் பாதையில் அவர் வீட்டைத் தாண்டினால் கண்மாய்தான். கண்மாயில் எனக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை, பெரிய மனுஷர்.)

"தம்பிக்கு டிராக்டர் தெரியுமோ?"

"தெரியாம என்ன மாமா," என்றேன். முறையே இன்னும் முடிவாகாத மாமா.

செல்ஃப் அடித்தால் இன்ஜின் சுற்றியது, ஆனால் பிடிக்கவில்லை. முந்தின நாள் டீசல் சுத்தமாகத் தீர்ந்து நின்றுபோனதாகவும், பிறகு ஊற்றியும் கிளம்பவில்லை என்றும் அவர் சொன்னார். குழாயில் காற்று அடைத்திருக்கும் என்றேன். கேட்டில் டிரைவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்ட ஞானம். நட்டைத் தளர்த்தி, கையால் பம்ப் அடித்து, குமிழி வருவது நின்றதும் முறுக்கினேன். செல்ஃப் அடித்தேன். சுற்றியது, பிடிக்கவில்லை. ஃபில்ட்டரைக் கழற்றிக் கழுவினேன். பிடிக்கவில்லை. ஏர் கிளீனரைத் திறந்தேன், அதிலிருந்த கறுப்பு ஆயில் முழுவதும் என் சட்டைக்கு வந்தது.

"புகையே வரலையே தம்பி," என்றார் வாத்தியார், கணக்கைத் தப்பாகப் போட்ட பையனிடம் பேசும் குரலில்.

பழைய வண்டியில் புகை வராதது நல்லது மாமா என்று அவருக்கே பாடம் நடத்தினேன்.

ஜெயராணிக்கு அன்று லீவு. ஒரு தடவை தண்ணீரோடு வந்தாள், ஒரு தடவை காப்பியோடு, ஒரு தடவை கை துடைக்கப் பழந்துணியோடு. அவள் வரும்போதெல்லாம் என் குரல் தானாக உயர்ந்தது. பெயர் தெரியாத பாகங்களுக்கெல்லாம் பெயர் வைத்து விளக்கினேன்.

மத்தியானத்துக்குள் பேட்டரி சோர்ந்துவிட்டது. கண்மாய்ச் சரிவில் உருட்டி ஸ்டார்ட் பண்ணலாம் என்ற மகத்தான யோசனையும் என்னுடையதுதான். தெருவே கூடித் தள்ளியது. டிராக்டர் ஒரு சத்தமும் இல்லாமல் என்னைச் சுமந்து இறங்கி, கண்மாய்ச் சேற்றில் போய் உட்கார்ந்தது.

டீசல் பம்ப் போய்விட்டது, மதுரைக்கு அனுப்பினால் ஒரு வாரம் ஆகும் என்று அறிவித்தேன். வாத்தியார் தன் காட்டைப் பார்த்தார். அதுவரை ஈரம் நிற்காதே என்று மட்டும் சொன்னார். உளுந்தும் போயிற்று, பெண்ணும் போயிற்று என்று எனக்கு விளங்கியது. ஒரு காட்டையும் ஒரு பெண்ணையும் ஒரே காலையில் இழந்தவன் இந்த வட்டாரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அப்போதுதான் ஜெயராணி செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி வந்தாள். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த ஒரு கறுப்புக் குமிழை ஒற்றை விரலால் உள்ளே தள்ளினாள்.

"இப்ப அடிங்க."

பேட்டரி கடைசியாக ஒருமுறை முனகியது. குப்பென்று கரும்புகை. இன்ஜின் பிடித்துக்கொண்டது. டிராக்டர் என்னையும் சேர்த்துக் கரையேற்றியது.

அந்தக் குமிழ்தான் ஸ்டாப்பர். வெளியே இழுத்தால் இன்ஜினுக்கு டீசல் போகாது, வண்டி அணைந்துவிடும். அதை இழுத்தவன் நான்தான். நாலு வருடம் கேட்டில் நின்று வண்டிகளை அணைத்தே பழகிய கை, வந்ததும் வராததுமாகத் தன் வேலையைப் பார்த்துவிட்டது. வாத்தியாரின் கோளாறு முதல் அரை மணி நேரத்திலேயே சரியாகியிருந்தது. மிச்சமெல்லாம் என் கோளாறு.

அன்று சாயங்காலமே உளுந்து விதைத்தார்கள். அடுத்த ஞாயிறு சர்ச் முடிந்ததும் சம்மதம் என்று ஆள் வந்தது. அணைச்சிட்டுத்தான் வண்டியத் தொடுதான், வெடி மருந்துப் பக்கம் வேலை பாக்கறவன் அப்படித்தான் இருக்கணும் என்றாராம் வாத்தியார்.

கல்யாணத்துக்கு அப்புறம் ஒருநாள், ஸ்டாப்பர் வெளியே இருந்ததை எப்போது கவனித்தாய் என்று அவளிடம் கேட்டேன்.

"நீங்க இழுக்கும்போதே பாத்தேன்."

"பின்ன ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா பத்து நிமிசத்துல கெளம்பிப் போயிருப்பீக."

இதைவிட நல்ல வார்த்தையை என்னிடம் யாரும் இன்றுவரை சொன்னதில்லை.

ஜெயா இப்போது மஸ்கட்டில் நர்ஸ். ஆறு வருடமாகிறது. வருடத்துக்கு ஒரு மாதம் வருவாள். நானும் மகளும் மாமனார் வீட்டோடு இருக்கிறோம். இங்கே மிக்ஸி ஓடாவிட்டாலும், மகளுக்குக் கணக்கு வராவிட்டாலும், ஸ்டாப்பரை உள்ளே தள்ளியாச்சா என்பதுதான் மாமனார் கேட்கும் முதல் கேள்வி. வீடே சிரிக்கும். வீடியோ காலில் இருந்தால் அவள் சிரிப்பு மட்டும் ஒரு நொடி தாமதமாக வந்து சேரும். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு அதற்காகக் காத்திருப்பேன். அவள் இல்லாத வீட்டில் எனக்கு எதுவும் பிடிப்பதில்லை, அதுதான் உண்மை.

இந்த முறை அவள் புறப்பட்ட காலையும் மழைக்கு அடுத்த நாள். பாதையெல்லாம் சகதி, வாடகைக் கார் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டது. அதுவரை பெட்டிகளை மாமனாரின் அதே பழைய டிராக்டரில் கொண்டுபோக வேண்டும். ஜெயா என் பக்கத்தில் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். செல்ஃப் அடித்தேன். சுற்றியது, பிடிக்கவில்லை.

மாப்பிள்ளைக்குக் கைப்பழக்கம் இன்னும் போகவில்லை என்று வாசலில் நின்ற மாமனார் சிரித்தார். மகள் கைதட்டினாள். கைப்பழக்கம் இல்லை. தெரிந்தேதான் இழுத்து வைத்திருந்தேன்.

ஜெயா குமிழைப் பார்த்தாள். கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னொரு தடவ அடிங்க," என்றாள்.